வேலைத்திட்ட நிர்வாகத் தொழிலை ஆரம்பிப்பது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் கிராமம் கிராமமாகச் சுற்றி வருகையில், மக்காச்சோளத்தில் படைப்புழுவைப் பற்றியும், சின்ன வெங்காயத்தில் அழுகலைப் பற்றியும் வினவுவதற்கு அடுத்தபடியாக, நிலச்சுவான்தார்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “மகன் காலேஜ் படிப்பை முடித்துவிட்டான். திட்ட மேலாளர் உத்தியோகத்திற்குப் போகவேண்டும் என்கிறான். அதற்கென்று ஒரு படிப்பு இருக்கிறதாம். அரை ஏக்கரை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டலாமா?” என்பதே அக்கேள்வியாகும். இது பயிரைப் பற்றிய கேள்வியன்று எனினும் நிலத்தைப் பற்றிய கேள்வியாதலின், இப்பத்திரிகையில் அதற்கு விடை கூறுவது பொருத்தமேயாம்.

விடையை முதலிலேயே கூறிவிடுவோம். நிலத்தை ஒத்திக்கு வைக்க வேண்டாம். அதற்குப் பதிலாக, உங்கள் காணியிலேயே ஒரு சிறு வேலையை ஆரம்பம் முதல் கணக்கு முடிக்கும் வரையில் அப்பிள்ளையின் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். அவ்வேலையை அவன் எழுத்து மூலமாக நடத்தி முடித்தானாயின் தொழிலின் முதற்படியில் கால் வைத்துவிட்டான் என்று கொள்ளலாம். பரீட்சைகளும் பத்திரங்களும் அதன் பின்னரே பயன் தரும். இதற்குரிய காரணங்களையும் முறைகளையும் கீழே விவரிப்போம்.

தொழிலின் தன்மை

ஆரம்ப நாள், முடிவு நாள், ஒதுக்கிய பணம், முடிவில் கைக்கு வரவேண்டிய பொருள் ஆகிய நான்கும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட தனி வேலைக்கு வேலைத்திட்டம் என்று பெயர். வருஷந்தோறும் நடைபெறும் தொழில் வேறு, ஒரு முறை நடந்து முடியும் வேலைத்திட்டம் வேறு. கிணற்றிலிருந்து நீர் இறைப்பது தொழில். கிணறு வெட்டுவது வேலைத்திட்டம். வெங்காயம் பயிரிடுவது தொழில். வெங்காயம் சேமிக்கப் பட்டறை கட்டுவது வேலைத்திட்டம்.

இவ்வேலையை நடத்துபவன் கொத்தனாரின் கரண்டியையோ தச்சனின் உளியையோ கையில் எடுப்பவன் அல்லன். இன்ன நாளில் இன்னார் வரவேண்டும், அவர் வரும்போது இன்ன சாமான் தயாராக இருக்கவேண்டும், அதற்குரிய பணம் கையில் இருக்கவேண்டும் என்பதைப் பார்ப்பதே அவன் கடமை. நம் கிராமங்களில் கல்யாணக் காரியங்களை முன்னின்று நடத்தும் பெரியவர் ஒருவர் இருப்பார். பந்தல்காரர், சமையல்காரர், நாதஸ்வரக்காரர், வண்டிக்காரர் யாவரும் அவரையே நோக்கி நிற்பர். அவர் ஓர் அடுப்பையும் மூட்டுவதில்லை. ஆயினும் அவர் இல்லையேல் முகூர்த்த நேரத்தில் ஏதேனும் ஒன்று குறைந்தே தீரும். அவர் மனத்தில் வைத்து நடத்துவதைத் தாளில் வைத்து நடத்துவதே இத்தொழில்.

தாளில் வைத்து நடத்தும் முறை இருபதாம் நூற்றாண்டில் சாஸ்திரமாக வளர்ந்தது. அமெரிக்க இன்ஜினீயரான ஹென்றி காண்ட் என்பவர் 1910ஆம் வருஷத்தை ஒட்டிய ஆண்டுகளில், வேலைகளை நாட்களுக்கு நேராகக் கோடுகளாக வரைந்து காட்டும் அட்டவணையைப் பிரசித்தப்படுத்தினார். 1957ஆம் வருஷத்தில் டூபாண்ட் என்னும் ரசாயனக் கம்பெனியார், எந்த வேலைகள் தாமதித்தால் முழு வேலையும் தாமதிக்கும் என்று கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் ‘முக்கியப் பாதை’ முறையைக் கையாளத் தொடங்கினர். 1969ஆம் வருஷத்தில் இத்தொழிலுக்கென அமெரிக்காவில் ஒரு சங்கம் ஸ்தாபிக்கப்பட்டு, இப்போது பல தேசத்தாருக்கும் பரீட்சை நடத்தி வருகிறது.

பாம்பன் பாலம் கற்பிக்கும் பாடம்

இத்தொழிலில் நம் தேசத்தில் பெரும் புகழ் எய்தியவர் ஸ்ரீ ஈ. ஸ்ரீதரன் ஆவார். 1964ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் தனுஷ்கோடியை அழித்த புயலில் பாம்பன் ரயில் பாலத்தின் இரும்புத் தூலங்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன. பாலத்தைச் சீர்ப்படுத்த ரயில்வேயார் ஆறு மாதத் தவணை விதித்தனர். அவருடைய மேலதிகாரியோ அதனை மூன்று மாதமாகக் குறைத்தார். வேலையை நேரில் நடத்தும் பொறுப்பு 32 வயதினரான ஸ்ரீதரனிடம் ஒப்படைக்கப்பட்டது. புதிய தூலங்கள் வெளியூர்களிலிருந்து வந்து சேருமட்டும் காத்திராமல், கடலில் கிடந்த தூலங்களையே தேடியெடுத்து மீண்டும் பொருத்தியதால், 46 நாட்களில் வேலை முடிந்தது.

இதில் கவனிக்கற்பாலன இரண்டு. முதலாவது, எச்சாமானுக்காகக் காத்திருப்பதால் வேலை நிற்கும் என்பதைக் கண்டு, அந்த ஓர் இடத்தில் அவர் புத்தியைச் செலுத்தினார். இரண்டாவது, அப்பொறுப்பு அவருக்கு முதல் நாளிலேயே வந்துவிடவில்லை. படிப்பு முடிந்ததும் கோழிக்கோட்டில் சில காலம் ஆசிரியராகவும், பின்னர் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு வருஷம் பயிலுநராகவும் இருந்து, 1954ஆம் வருஷத்தில் தென்னக ரயில்வேயில் புகுந்தவர் அவர். பத்து வருஷம் சிறு சிறு பொறுப்புகளை வகித்த பின்னரே பாம்பன் வந்தது. கொங்கண் ரயில் பாதையும் டில்லி மெட்ரோவும் அதற்கும் பின்னர் வந்தவை. சிறு பொறுப்பை இகழ்பவனுக்குப் பெரும் பொறுப்பு வாய்ப்பதில்லை.

ஓர் உதாரணக் கணக்கு

முக்கியப் பாதையைக் கணக்கிடும் விதத்தை, நம் பக்கத்துக்கு ஏற்ற ஓர் உதாரணத்தால் விளக்குவோம். செட்டிகுளம், ஆலத்தூர் பகுதிகளில் சின்ன வெங்காயத்தை அறுவடைக் காலத்தில் கிடைத்த விலைக்கே தள்ளிவிடாமல் வைத்திருக்கவும், அடுத்த பட்டத்திற்கு விதைக்காயைக் காப்பாற்றவும் காற்றோட்டமான பட்டறை அவசியம். தரையிலிருந்து உயர்த்திய பரணும், மூங்கில் பிளாச்சுச் சுவரும், தகட்டுக் கூரையும் உள்ள ஒரு பட்டறை கட்டுவதாக வைத்துக்கொள்வோம். நாட்கள் உதாரணத்திற்காகக் கொடுக்கப்பட்டவை. அவரவர் ஊர் நிலவரப்படி மாற்றிக்கொள்க.

1. இடத்தைச் சுத்தம் செய்து மட்டம் பார்த்தல்: 2 நாள்.
2. தூண் குழி எடுத்துக் கான்கிரீட் போடுதல்: 3 நாள். (முதல் வேலை முடிந்த பின்)
3. கான்கிரீட்டுக்கு நீர் விட்டு இறுக வைத்தல்: 7 நாள். (இரண்டாவது வேலை முடிந்த பின்)
4. மூங்கில் வாங்கி வந்து பிளாச்சு பிளத்தல்: 6 நாள். (முதல் நாளிலிருந்தே செய்யலாம்)
5. கூரைத் தகடு வரவழைத்தல்: 8 நாள். (முதல் நாளிலிருந்தே செய்யலாம்)
6. சட்டம் கூட்டிப் பரணும் சுவரும் அமைத்தல்: 4 நாள். (மூன்றும் நான்கும் முடிந்த பின்)
7. கூரை போடுதல்: 2 நாள். (ஐந்தும் ஆறும் முடிந்த பின்)

ஒன்றன் பின் ஒன்றாகச் செய்தால் இவ்வேலைகள் 32 நாள் பிடிக்கும். மூங்கிலையும் தகட்டையும் முதல் நாளிலேயே ஏற்பாடு செய்தவன், 2, 3, 7, 4, 2 என்னும் ஐந்தையும் கூட்டி 18 நாட்களில் முடித்துவிடுவான். ஆள் கூலி ஒரு ரூபாயும் அதிகப்படாமல் 14 நாட்கள் மிச்சமாகின்றன.

இந்த 18 நாள் வரிசையே முக்கியப் பாதை. அதிலுள்ள எந்த வேலை ஒரு நாள் தாமதித்தாலும் பட்டறை 19ஆம் நாளில்தான் முடியும். மூங்கில் வேலையோ 12ஆம் நாள் முடிவதற்குள் தயாரானால் போதும். ஆகவே அதற்கு 6 நாள் அவகாசம் உண்டு. தகடு 16ஆம் நாள் முடிவதற்குள் வந்தால் போதுமாகையால் அதற்கு 8 நாள் அவகாசம். மூங்கில் இரண்டு நாள் தாமதிக்கிறது என்று பதறுகிறவனும், தூண் குழி இரண்டு நாள் தாமதிப்பதைப் பொருட்படுத்தாதவனும் இக்கணக்கை அறியாதவர்களே. மேலும், ஆள் கூட்டினால் குழி சீக்கிரம் வெட்டலாம். ஆனால் பத்துப் பேர் நின்று நீர் ஊற்றினாலும் கான்கிரீட் தனக்குரிய நாளில்தான் இறுகும். எந்த வேலை ஆள் கூட்டினால் குறையும், எது குறையாது என்று பகுத்தறிவது இத்தொழிலின் பாதி.

பின்னோக்கி எண்ணும் வழக்கம்

இவ்விடத்தில் இக்கட்டுரையாசிரியனின் பிழையொன்றைக் கூறுவது பிறருக்கு உதவக்கூடும். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், கரிசல் நிலத்தில் மானாவாரி மக்காச்சோளத்தை விதைக்கும் கருவி கொண்டு வரிசையாக விதைத்துக் காட்டும் பொறுப்பு எனக்கு அளிக்கப்பட்டது. விதை, உரம் யாவற்றையும் ஆவணியிலேயே சேகரித்துப் பெருமையாக வைத்திருந்தேன். விதைக்கும் கருவியின் பல் ஒன்று உடைந்திருந்ததை மட்டும், மழை வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். புரட்டாசி முதல் வாரத்தில் நல்ல மழை பெய்தது. பட்டறைக்காரரிடம் அன்றைக்கு ஊரிலுள்ள கருவிகள் யாவும் வரிசையில் நின்றன. எங்கள் கருவி திரும்பி வருவதற்குள் மண்ணின் ஈரம் போய்விட்டது. எனக்காகக் காத்திருந்த மூன்று குடியானவர்களும் அந்த மழையை இழந்தனர். அவர்களில் வயது முதிர்ந்தவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, மழை நமக்காக நிற்குமா?” என்று மட்டும் கேட்டார்.

அன்று முதல், முடிவு நாளை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கி நாட்களை எண்ணும் வழக்கத்தை மேற்கொண்டேன். மழை நாள், முகூர்த்த நாள், அறுவடை நாள் ஆகியவை நம் வசத்தில் இல்லாதவை. அவற்றை ஆணியாக அடித்துவிட்டு, மற்றவற்றை அவற்றிலிருந்து அளக்கவேண்டும். குடியானவன் பிள்ளைக்கு இது புதிதன்று. பொங்கலுக்குள் கதிர் அறுக்கவேண்டுமாயின் என்றைக்கு நாற்று விடவேண்டும் என்பதை அவன் தகப்பனார் நாள்தோறும் எண்ணி வந்திருக்கிறார். பட்டணத்துப் பிள்ளைகளைக் காட்டிலும் இவ்விஷயத்தில் நம் பிள்ளைகளுக்கு உள்ள முதல் இதுவேயாகும்.

எழுதி வைக்கவேண்டிய ஐந்து புத்தகங்கள்

வேலையை ஒப்புக்கொண்ட பிள்ளை கீழ்க்கண்ட ஐந்தையும் தனித்தனியே எழுதி வரவேண்டும். நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டுகளே போதுமானவை.

ஒன்று, வேலைப் பட்டியல். மேலே காட்டியபடி வேலை, நாள், எதன் பின் எது, யார் பொறுப்பு என்ற விவரங்கள்.

இரண்டு, நாட்குறிப்பு. அன்றன்று வந்த ஆட்கள், நடந்த அளவு, நின்ற காரணம். “வேலை நன்றாக நடந்தது” என்று எழுதுவதால் பிரயோஜனமில்லை. “12 குழியில் 7 முடிந்தது. பாறை தட்டியதால் 5 பாக்கி” என்று எழுதவேண்டும்.

மூன்று, பணக் கணக்கு. எஸ்டிமேட் ஒரு பத்தியிலும் செலவு மறு பத்தியிலும் நேருக்கு நேர் வரவேண்டும். மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கி, அதைத் தொடும்போதெல்லாம் காரணம் குறிக்கவேண்டும்.

நான்கு, மாறுதல் பதிவு. வேலை பாதியில் இருக்கும்போது தகப்பனாரே வந்து, “இன்னும் ஆறு அடி நீட்டிவிடு” என்பார். மறுத்துப் பேச வேண்டாம். “நீட்டலாம் அப்பா. இரண்டு தூண் அதிகம், இத்தனை ரூபாய், இத்தனை நாள். சரியென்றால் இதில் ஒப்பமிடுங்கள்” என்று கூறப் பழகவேண்டும். வேலைகள் கெடுவதற்குரிய காரணங்களில் இம்மாதிரி எழுதப்படாத மாறுதல்களே முக்கியமானவை.

ஐந்து, இடையூற்றுப் பட்டியல். மழை, ஆள் முடை, மேஸ்திரி வீட்டு விசேஷம், சாமான் விலையேற்றம் ஆகியவற்றை முன்னதாகவே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பரிகாரத்தைக் குறிக்கவேண்டும்.

எழுத்துக்கு அடுத்தது பேச்சு. தன்னிலும் வயதில் மூத்த மேஸ்திரியை, “ஏன் முடிக்கவில்லை?” என்று கேட்பவன் வேலையையும் கெடுத்து மரியாதையையும் இழப்பான். “அண்ணே, செவ்வாய்க்கிழமை தூண் நின்றாகவேண்டும். உங்களுக்கு என்ன குறைகிறது?” என்று கேட்பவனுக்குப் பதில் கிடைக்கும். அப்பதிலில்தான் அடுத்த தாமதத்தின் காரணம் ஒளிந்திருக்கும்.

வேலை முடிந்த பின்

வேலை முடிவது கடைசித் தகட்டை அடிப்பதோடன்று. அதைப் பராமரிக்க வேண்டியவரிடம் முறையாக ஒப்படைப்பதோடுதான். இதற்குச் சாட்சி நம் ஜில்லாவிலேயே உளது. பதினோராம் நூற்றாண்டில் முதலாம் ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் வெட்டுவித்த சோழகங்கம் என்னும் ஏரியின் கரை 16 மைல் நீளமுள்ளதென்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் கூறுகின்றன. எக்காரணத்தால் அது உடைபட்டதாயினும், மீண்டும் செப்பனிடுவார் இன்மையால் ஏரியின் பெரும்பகுதி காடாகவும் மேடாகவும் ஆயிற்று. பொன்னேரி என்னும் பெயரோடு இன்று காண்பது அதன் எச்சமே. அதற்குச் சில மைல் தெற்கே, அணைக்கரையில் 1836ஆம் வருஷத்தில் கட்டிய கீழணையோ, அவ்வப்போது பழுது பார்க்கப்பட்டு வருவதால் இன்றும் வடவாற்றின் வழியாக வீராணம் ஏரிக்கு நீர் வழங்குகிறது. ஆகவே பட்டறையை ஒப்படைக்கும் நாளில், கறையான் மருந்து எப்போது, தகட்டின் ஆணி எப்போது பார்ப்பது, செலவு யாருடையது என்று ஒரு தாளில் எழுதித் தகப்பனாரிடம் கொடுத்து ஒப்பம் வாங்குக.

உத்தியோகம் எங்கே?

இவ்வாறு இரண்டு மூன்று வேலைகளை முடித்த பிள்ளை, அந்நோட்டுகளைக் கையில் கொண்டு உத்தியோகம் தேடலாம். முதல் உத்தியோகத்தின் பெயர் திட்ட மேலாளர் என்றிராது. வேலைத்தள மேற்பார்வையாளர், திட்ட உதவியாளர், ஒருங்கிணைப்பாளர், சாமான் கிடங்குப் பொறுப்பாளர் என்று இருக்கும். அதில் குறைவொன்றுமில்லை.

அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக் கல்லை நம்பி, 1979ஆம் வருஷத்து அரசாங்க ஆலை முதலாகப் பல சிமென்டு ஆலைகள் ஏற்பட்டன. அத்தகைய ஆலைகளில் சூளையை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில் மணிக்கணக்கில் வேலைகளை அட்டவணையிட ஆட்கள் தேவை. பெரம்பலூர் ஜில்லா எறையூரில் 2022ஆம் வருஷத்தில் அடிக்கல் நாட்டி 2023ஆம் வருஷத்தில் திறக்கப்பட்ட காலணித் தொழிற்சாலை போன்றவற்றிலும் இவ்வகை வேலைகள் உண்டு. 2003ஆம் வருஷம் முதல் சட்ட பூர்வமான உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கும் கொள்முதல், கிடங்கு, இயந்திர வாடகை ஆகியவற்றைத் திட்டமிட்டு நடத்துவோர் வேண்டியிருக்கின்றனர். விவசாயக் குடும்பத்திற்குப் பிறந்து கணக்கும் எழுத்தும் தெரிந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் அரிது. வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகினால், பண்ணை சம்பந்தமான பயிற்சிகளின் விவரம் அறியலாம்.

இனிப் பரீட்சை விஷயம். முற்கூறிய அமெரிக்கச் சங்கத்தார் இரண்டு முக்கியப் பத்திரங்களை வழங்குகின்றனர். 2025ஆம் வருஷத்து விதிப்படி, தொடக்கக்காரருக்குரிய பத்திரத்திற்குப் பள்ளி இறுதிப் படிப்பும் 23 மணி நேரப் பயிற்சியும் போதும். உயர்ந்த பத்திரத்திற்கோ, பட்டதாரியாயின் 36 மாதமும், பட்டம் பெறாதவராயின் 60 மாதமும் வேலையை நடத்திய அனுபவம் காட்டவேண்டும். அதாவது, உயர்ந்த பத்திரத்தைப் பணத்தால் மட்டும் பெற முடியாது. அனுபவமில்லாத பிள்ளையிடம் அதற்கென்று பெருந்தொகை கேட்பவர் யாராயினும், “அனுபவ மாதங்களுக்கு என்ன வழி?” என்று கேட்டு, விடையை எழுத்தில் வாங்குக. நிலத்தை ஒத்திக்கு வைத்துப் பணம் கட்டிய குடும்பமொன்றை யான் அறிவேன். அப்பிள்ளைக்குப் பயிற்சித் தாள் கிடைத்தது, வேலை கிடைக்கவில்லை. ஒத்தியை மீட்க ஐந்து வெள்ளாமை பிடித்தது.

நிலச்சுவான்தார்களுக்கும் கிராம உத்தியோகஸ்தர்களுக்கும்

நிலச்சுவான்தார்கள் செய்யவேண்டியது, பிள்ளையிடம் பணத்தையும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுப்பதே. பொறுப்பை மட்டும் கொடுத்துப் பணப்பையைத் தம்மிடம் வைத்துக்கொண்டால், அவன் ஏவலாளாகத்தான் பழகுவான். சிறு தவறு நேர்ந்தால் பொறுத்துக்கொள்க. பட்டறை இரண்டு நாள் தாமதிப்பதால் வரும் நஷ்டம், ஒத்திப் பத்திரத்தால் வரும் நஷ்டத்தைவிட மிகக் குறைவு. பெண் பிள்ளைகளையும் இதில் விலக்க வேண்டாம். வீட்டின் வரவு செலவையும் களத்து ஆட்களின் கூலியையும் கணக்கிட்டுத் தரும் பெண்கள் நம் கிராமங்களில் எத்தனையோ பேர் உளர்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும், ஊரில் ஏரி, வாய்க்கால், களம் ஆகிய வேலைகள் நடக்குங்கால், படித்து ஓய்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒருவரை அழைத்து, எஸ்டிமேட்டை வாசிக்கவும் அளவு எடுப்பதைப் பார்க்கவும் நாட்குறிப்பு எழுதவும் இடமளிப்பாராயின், அப்பிள்ளைக்கு அனுபவமும் ஊருக்கு நேரான கணக்கும் ஒருங்கே கிடைக்கும். அக்குறிப்பைக் கிராம சபையில் அவனே வாசிக்கும்படி செய்வது இன்னும் நலம்.

இவ்வருஷத்து வெங்காய அறுவடைக்கு முன் உங்கள் நிலத்தில் கட்டவோ வெட்டவோ வேண்டிய வேலை ஏதேனும் இருக்குமாயின், முடிவு நாளை ஒரு தாளின் அடியில் எழுதி, அத்தாளை மகனிடமோ மகளிடமோ கொடுத்து, மேற்பகுதியைப் பூர்த்தி செய்யச் சொல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.